யாகூப் என்று ஒரு பொடியன்

சித்தப்பா கோபித்துக்கொண்டு போன அன்று மழை இன்னும் இறங்கவில்லை. இரணைமடுப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது, அவ்வளவுதான். ஐயா அவருக்குக் கன்னத்தில் ஒன்று கொடுத்திருந்தார். மீசை வைத்த ஆளுக்கு, அதுவும் பக்கத்துக் காணிக்காரர்கள் வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்க. சித்தப்பா மண்வெட்டியை வாய்க்காலில் கழுவி வைத்தார். சைக்கிளை எடுத்தார். போய்விட்டார்.

நாங்கள் யாழ்ப்பாணத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வட்டக்கச்சிக்கு வந்து குடியேறியவர்கள். ஐயாவுக்கு அரசாங்கம் காணி கொடுத்தபோது தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஐயாவுக்கு நெல் பிடித்துவிட்டது. சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "சேத்துக்குள்ள நிண்டால் எனக்கு மூச்சு முட்டுது, அண்ணை. நான் கடலுக்கே போறன்" என்று அவர் சொன்னதற்குத்தான் அந்த அடி.

மறுநாள் தொடங்கிய மழை விடவேயில்லை. சித்தப்பாவிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அவர் ஆனையிறவைத் தாண்டி ஊருக்குத்தான் போயிருப்பார் என்று ஐயா முடிவு செய்தார். ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வடக்கே போகும் பஸ்ஸில் ஏறினார். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்.

இங்கே சித்தப்பாவின் பெயரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் சந்தியாகு. எங்கள் ஊர்க் கோயில் அர்ச்சிஷ்டவரின், அதாவது புனிதரின், பெயர் அது. குதிரையில் வாளோடு இருப்பார். சித்தப்பா கொஞ்சக் காலம் குளக்கட்டு வேலைக்குப் போனபோது அங்கே வேலையை மேற்பார்த்த ஓவசியர் அந்தப் பெயரைச் சொல்ல முடியாமல், அல்லது விரும்பாமல், ஜேம்ஸ் என்று கூப்பிட்டார். சந்தியாகுவும் ஜேம்ஸும் ஒரே பெயர்தான் என்று ஓவசியர் சொன்னாராம். வீட்டில் யாரும் நம்பவில்லை, அம்மாவைத் தவிர. அம்மா மட்டும், ஐயா இல்லாத நேரங்களில், அவரை யாக்கோபு என்று கூப்பிடுவார். சித்தப்பா சிரிப்பார்.

அம்மாவின் குடும்பம் மிஷன் சபைக் குடும்பம். எங்கள் கத்தோலிக்க உறவினர் அவர்களைப் பதிதர் என்பார்கள். வழி தவறியவர்கள் என்று பொருள். கலியாணத்துக்காக அம்மா கத்தோலிக்கத்துக்கு மாறினார். ஆனாலும் அந்த வீட்டுப் பிள்ளை என்பது யாருக்கும் மறக்கவில்லை. அம்மாவின் தகப்பனாருக்குப் பெயர் யாக்கோபு, ஐயாவின் தகப்பனாருக்குச் சந்தியாகு. கலியாணப் பேச்சில் அம்மாவின் தகப்பனார், "சம்மந்தி, நாங்கள் இரண்டு பேரும் ஒரே பேர்க்காரர்தானே" என்று அன்பாகச் சொல்லப் போய், "என்ர பேர் அர்ச்சிஷ்டவற்ற பேர், உம்மட பதிதப் பேர் இல்லை" என்று மற்றவர் எழும்பிப் போய், கலியாணம் ஒரு மாதம் தள்ளிப் போனதாம்.

ஐயா போன பிறகு மழை ஒரு காலை வெளித்தது. பொட்டணி வியாபாரி வந்தார். முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம். சைக்கிளில் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு எங்கள் குடியேற்றம் முழுவதும் சுற்றுவார். அம்மா அவரை, அண்ணன் முறையில், நானா என்று கூப்பிடுவார். அன்று அவர் மூட்டையை அவிழ்க்கவில்லை.

"தங்கச்சி, இந்தப் பக்கம் எங்கட ஆக்கள் ஆரும் கூலிக்கு வந்து நிண்டவையோ? யாகூப் எண்டு ஒரு பொடியன். பாம்பு கடிச்சு எங்கட மாமா வீட்டில கிடக்கிறான்."

அம்மா இல்லை என்றார். முஸ்லிம்கள் யாரும் இங்கே வேலைக்கு வரவில்லை. வியாபாரி தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார். வெள்ளத்துக்கு எல்லாப் பூச்சி புழுவும் வரம்பில் ஏறிக் கிடந்திருக்கின்றன. இருட்டில் அந்த வரம்பால் வந்தவனைப் புடையன் பாம்பு கொத்திவிட்டது. காலையில் மாமா வயலுக்குப் போனபோது கண்டு தூக்கி வந்தார். சைக்கிளோ மூட்டையோ ஒன்றும் அருகில் இல்லை. பாலம் உடைந்து கிடப்பதால் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. விசகடிப் பரியாரிதான் பார்க்கிறார்.

"பல்லு முரசால இரத்தம் வருது. கிடக்கிற கிடையைப் பாத்தால் வெள்ளிக்கிழமை தாண்டாது. மௌத்தானால் எங்கட மையவாடியிலதான் அடக்கவேணும். ஆக்களுக்குச் சொல்லாமல் அடக்கப்படாதெண்டு மாமா ஊர் ஊராச் சொல்லி அனுப்பியிருக்கிறார்."

"பேர் அவரே சொன்னவரோ?" என்று கேட்டார் அம்மா.

"எங்க சொல்லுறது? வாயெல்லாம் வீங்கிப் போச்சு. கேட்டால் யாகு, யாகு எண்டு மட்டும் வருது."

அம்மாவின் கையில் அரிசிச் சுளகு இருந்தது. அதை அவர் நிலத்தில் வைத்த விதம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஒரு மணி சிந்தவில்லை. பிறகு என்னைப் பார்த்து, சட்டையை மாற்றச் சொன்னார்.

பக்கத்துக் காணி மாமி, துணி பார்க்க வந்தவர், அம்மாவின் கையைப் பிடித்தார். "உனக்கென்ன விசரோ? அது அவையின்ர ஆள். பேரைக் கேட்டனிதானே."

"மாமி, சந்தியாகு எண்டாலும் யாக்கோபு எண்டாலும் ஒண்டுதான். யூதற்ற பழைய பேர். என்ர ஐயா எனக்குச் சொல்லித் தந்தவர். பறங்கி அதைச் சந்தியாகு ஆக்கினவன், வெள்ளைக்காரன் ஜேம்ஸ் ஆக்கினவன். முஸ்லிம் ஆக்களுக்கு யாகூப்."

"பேர் ஒண்டெண்டால் ஆளும் ஒண்டோ?"

மாமி விடவில்லை. புருஷன் திரும்பி வந்து, வீடு பூட்டிக் கிடக்க, பெண்சாதி பொட்டணி வியாபாரியோடு போய்விட்டாள் என்று கேட்டால் என்ன ஆகும் என்றார். அவருக்குத் தான் என்ன சொல்வது என்றும் கேட்டார்.

"யாகூப்பைப் பாக்கப் போட்டா எண்டு சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு அம்மா ஆடுகளை மாமியின் வேலியில் கட்டினார்.

வியாபாரி தன் சைக்கிளையும் மூட்டையையும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். பரந்தனில் மீன் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய லொறி ஒன்று தருமபுரத்தில் எங்களை ஏற்றியது. சாரதியின் பக்கத்தில் நான், எனக்குப் பக்கத்தில் அம்மா. வியாபாரி பின்னால் ஐஸ் பெட்டிகளோடு. வழி நெடுக அம்மாவின் கை என் முழங்காலில் இருந்தது. லொறி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கும்போது அந்தக் கை இறுகும். செபிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு உதடுகளைப் பார்த்தேன், அசையவில்லை.

புதுக்குடியிருப்புக்கு அப்பால் லொறி நின்றது. முன்னால் தெரு இல்லை, மண்ணிறத் தண்ணீர்தான். வியாபாரி சாறத்தை மடித்துக் கட்டி என்னைத் தோளில் ஏற்றினார். அம்மா சீலையைச் செருகிக்கொண்டு, ஒரு கம்பால் அடியைக் குத்திப் பார்த்தபடி பின்னால் வந்தார். நடுவில் தண்ணீர் அவர் நெஞ்சுக்கு வந்தது. வேலிக்கு நடும் கதியால் தடி ஒன்று மிதந்து வந்தது. அதில் சுருண்டு கிடந்ததைக் கண்டு நான் வாய் திறக்கும் முன், "அசையாத, மகள்" என்றார் வியாபாரி மெல்ல. அது எங்களைக் கடந்து போகும்வரை மூவரும் அப்படியே நின்றோம்.

அந்த வீட்டை அடைந்தபோது பின்னேர அசர் தொழுகை முடிந்து ஆண்கள் சிலர் முற்றத்தில் நின்றார்கள். உள்ளே யாரோ ஓதும் குரல் கேட்டது. வியாபாரி முகம் மாறி, "யாசீன் ஓதுகினம்" என்றார். அதன் பொருளை அம்மா கேட்கவில்லை. எந்தச் சமயத்திலும் அந்தக் குரல் ஒன்றுதான் போலும். அம்மா யாரையும் கேளாமல் படியேறினார்.

பாயில் கிடந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. முகம் பறங்கிக்காய் போல ஊதி, கண்கள் இரண்டு கோடுகளாக இருந்தன. மீசை வழித்திருந்தது. இடது கால் தொடைவரை கறுத்து, பச்சிலை அப்பியிருந்தது. வீட்டுக்காரர், நரைத்த தாடியோடு மெலிந்த மனிதர், ஓதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அவர் மனைவி கால்மாட்டில் இருந்தார்.

அம்மாவுக்கும் அடையாளம் தெரியவில்லை. அதை நான் அவர் மூச்சில் உணர்ந்தேன். குனிந்து என்னிடம், "பிள்ளை, சித்தப்பாவோ?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

வெளியில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அம்மா முழந்தாளிட்டு, "சந்தியாகு" என்று கூப்பிட்டார். அசைவில்லை. "ஜேம்ஸ்" என்றார். பிறகு, மிகத் தணிவாக, "யாக்கோபு, நான்தான் வந்திருக்கிறன்" என்றார். ஒன்றுமில்லை. அம்மாவின் தோள்கள் இறங்கின.

வீட்டுக்கார அம்மா எழும்பி வந்து அவர் பக்கத்தில் இருந்தார். "அப்படிக் கூப்பிட்டுக் கேளாது, மகள்" என்று சொல்லிவிட்டு, கிடந்தவரின் நெற்றியில் கையை வைத்து, தன் பிள்ளையை எழுப்புவது போல, "யாகூப்... வாப்பா... இஞ்ச பாரும்" என்றார்.

ஒரு கோடு மெல்லத் திறந்தது. அது அந்த அம்மாவைப் பார்த்தது. பிறகு நகர்ந்து எங்கள் அம்மாவிடம் வந்து நின்றது.

"அண்ணி" என்றது அந்த வாய். "அண்ணை அடிப்பாரோ?"

அம்மா அப்போதுதான் அழுதார்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. சித்தப்பா சாகவில்லை. பரியாரி காலையும் மாலையும் வந்து சிறுநீரைப் பார்த்தார். அது தெளிந்த அன்று முதல் முறையாக வெற்றிலை கேட்டு வாங்கிப் போட்டார். அதுவரை நாங்கள் அந்த வீட்டிலேயே இருந்தோம். வீட்டுக்கார அம்மாவை நானும் உம்மா என்றே கூப்பிடப் பழகினேன். கஞ்சி காய்ச்சும்போது உம்மா அம்மாவுக்கு யாகூப் நபியின் கதையைச் சொன்னார்: மகன் யூசுப்பைக் காணாமல் அழுது அழுது அவர் கண்ணே வெளுத்துப் போய்விட்டது என்று. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டு, "எங்கட வேதத்திலயும் அவர் அழுதவர். ஓநாய் கடிச்சுப்போட்டுதெண்டு அண்ணன்மார் பொய் சொல்லினம்" என்றார். "ஓம், ஓம், ஓநாய்தான்" என்றார் உம்மா. "எங்கட வேதத்தில கொடிய மிருகம் எண்டுதான் கிடக்கு" என்று அம்மா தன்னையே திருத்திக்கொண்டார். பெண்கள் இருவரும் ஒரே ஊர்க் கதையைப் பேசுவது போலப் பேசிக்கொண்டார்கள். அதற்கு முன் அம்மா யாரோடும் வேதக்கதை பேசி நான் கேட்டதில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு ஐயா வந்து சேர்ந்தார். மாமி சொன்னதைக் கேட்டு, ஒன்றும் விளங்காமல், விளங்காத கோபத்தோடு கிளம்பி வந்திருக்கிறார். படலையைத் திறந்தவர் சித்தப்பாவைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டார். சித்தப்பா சுவரில் சாய்ந்திருந்தார். உம்மா அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார். ஐயா அம்மாவைத் திட்டவில்லை. கதிரை கொண்டுவந்து போட்டும் இருக்காமல் தம்பியின் காலடியில், நிலத்தில் இருந்தார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசினார்.

"பெரியவர், பேரால வந்த பிழை. உங்கட ஆள் எண்டு நினைச்சு இவ்வளவும் செய்திட்டியள். நாங்கள் வேதக்காரர்."

"நினைக்கேல்லை, தம்பி. கொண்டுவந்த அண்டைக்கே தெரியும். ஈர உடுப்பு மாத்தினது நான்தானே."

முற்றத்தில் நின்ற ஆண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். உம்மா முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். சித்தப்பா கண்ணை மூடி நித்திரை போலக் கிடந்தார்.

ஐயா கொஞ்சம் தடுமாறி, "அப்ப ஏன் யாகூப் எண்டு ஊரெல்லாம் சொல்லி அனுப்பினனீங்கள்?" என்று கேட்டார்.

"அவன் சொன்ன பேர் அதுதானே. எனக்கு அப்படித்தான் கேட்டது."

"ஓதினனீங்கள் எண்டும் சொல்லுகினம்."

"சாகக் கிடக்கிற பிள்ளைக்கு எனக்குத் தெரிஞ்சதைத்தானே ஓதலாம், தம்பி. உங்கட ஓதல் எனக்குத் தெரியாது."

ஐயா கையெடுத்துக் கும்பிடப் போனார். பெரியவர் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார்.

திரும்பும் வழியில் லொறியில் நான் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஈர உடுப்பை மாற்றினால் ஒருவர் எந்தச் சமயம் என்று எப்படித் தெரியும்? அம்மாவைக் கேட்டேன். "வாயை வைச்சுக்கொண்டு இரு" என்றார். ஐயாவைக் கேட்டேன். அவர் காடு பார்த்தார். நானே கண்டுபிடித்தேன். உடுப்பு வெளுக்கும் கட்டாடியார் ஒவ்வொரு வீட்டுத் துணியிலும் மூலையில் கறுப்பு மையால் ஒரு குறி போடுவாரே, அதைப் பார்த்துத்தான் பெரியவர் அறிந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து எங்கள் துணிகள் முழுவதையும் வெளியே இழுத்துப் போட்டேன். ஐயாவின் வேட்டி மூலையில் இரண்டு புள்ளியும் ஒரு கோடும் இருந்தன. அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டி, இதுதானே வேதக்காரர் என்று சொல்லும் குறி, அப்படியென்றால் முஸ்லிம் ஆட்களுக்கு எத்தனை புள்ளி என்று கேட்டேன்.

அம்மா அந்த வேட்டியை வாங்கி முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சித்தப்பாவை நினைத்துத்தான் மறுபடியும் அழுகிறார் என்று நினைத்து, நானும் பக்கத்தில் இருந்து அழுதேன்.