எஸ்தர் அக்காவுக்கு மீன் ஆகாது

போன வியாழக்கிழமை நான்காம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். பியூன் ஒரு கார்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். திருப்பதியிலிருந்து எஸ்தர் அக்காவின் தம்பி எழுதியிருந்தார். அக்கா செவ்வாய்க்கிழமை காலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள், அன்று சாயங்காலமே அடக்கம் ஆகிவிட்டது, நீங்கள் வந்துசேர நேரம் இராது என்று தந்தி கொடுக்கவில்லை என்று நாலே வரி. கார்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கணக்கை முடித்தேன். சரியாக முடித்தேனா என்று பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

நம் சித்தூர் பள்ளிக்கூடத்தில் படித்த பெண்களுக்கு, தையலும் பாட்டும் சொல்லிக்கொடுத்த எஸ்தர் அக்காவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? உங்கள் விரலில் ஊசி குத்தினால் தன் முந்தானையால் துடைத்தவர். பாட்டில் சுதி இறங்கினால் அதே கையால் தலையில் குட்டியவர். அதையெல்லாம் நினைவுக் கூட்டத்தில் மற்றவர்கள் சொல்வார்கள். அவரோடு ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், ஒன்பது வருஷம் குடியிருந்தவள் நான். எனக்கு எழுத இருப்பது ஒரு மீன் கதைதான். ஆயருக்குப் பிடிக்கவில்லையென்றால் வாசிக்காமல் விடட்டும்.

சனிக்கிழமைதோறும் நாயுடுபேட்டைப் பக்கத்து மீன்காரி கூடூர் ரயிலில் வந்து இறங்குவாள். கூடை நம் காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் அக்கா ஜன்னலைச் சாத்துவார். நான் சமைத்து முடிக்கும்வரை கோயில் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். எனக்கு மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது. "அக்கா, இந்த வாசனைக்கே ஒரு படி சோறு துன்னலாம்" என்பேன். "உனக்கு வாசனை, எனக்கு நாத்தம். கர்த்தர் ஆளுக்கொரு மூக்கு குடுத்துட்டாரு, நான் இன்னா பண்ணட்டும்?" என்பார்.

அவருடைய சாப்பாட்டு ஜெபம் உங்களுக்கு நினைவிருக்கும். நாமெல்லாம் ஒரே மூச்சில் "இந்த ஆகாரத்துக்காக" என்று முடித்துவிடுவோம். அவர் தட்டிலிருப்பதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நன்றி சொல்வார். சோற்றுக்காக ஸ்தோத்திரம், கீரைக்காக ஸ்தோத்திரம், ஊறுகாய்க்காக ஸ்தோத்திரம். பசியில் எனக்குக் கோபம் வரும். "அக்கா, உப்பை விட்டுட்டீங்க" என்பேன். "நல்லவேளை சொன்னே" என்று கண்ணைத் திறக்காமல் அதையும் சேர்த்துக்கொள்வார். பெயர் சொல்லாமல் வாங்கித் தின்பது திருட்டு மாதிரி இருக்கிறது என்று ஒருமுறை சொன்னார்.

போன வருஷ மழைக்காலத்தில் இருமல் பிடித்தது. இருமல் நின்றும் உடம்பு தேறவில்லை. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆனது. டாக்டரம்மா மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சு பலவீனமா இருக்கு. மீனெண்ணெய் குடுக்கலாம்னா யுத்தத்துல சீமைக் கப்பலே வரலை. மீனாவது சாப்பிடுங்க. எடை ஏறியே ஆகணும்" என்றார். வெளியே வந்ததும் அக்கா என்னைப் பார்த்து, "ஒனக்குத்தானேடி கொண்டாட்டம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

முதல் சனிக்கிழமை வஞ்சிரத்தை முள் எடுத்து, இஞ்சி பூண்டு தடவி மொறுமொறுவென்று பொரித்தேன். "மீனுக்காக ஸ்தோத்திரம்" என்று அக்காவும் மனதாரச் சொன்னார். ஒரு துண்டை வாயில் வைத்தார். கொல்லைக்கு ஓடினார். அடுத்த வாரம் சுறாப்புட்டு. வெங்காயமும் பூண்டும் அள்ளிப்போட்டுச் சுறாவே தெரியாமல் பண்ணினேன். ஒரு வாய் உள்ளே போனது. மூன்றாம் வாரம் இரண்டு வாய். கண்ணில் தண்ணீர் தளும்ப விழுங்கிவிட்டு, "பாத்தியா, ரெண்டு! அடுத்த வாரம் மூணு பாக்கலாம்" என்றார். கால் மணி கழித்து இரண்டும் வெளியே வந்துவிட்டன.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அடுத்த வாரம் அடுத்த வாரம்னு சொல்லிக்கினே இருங்க. ஒடம்பு காத்துக்கினு இருக்குமா? குழந்தையா நீங்க?" என்று கத்தினேன். அக்கா வாயைக் கொப்பளித்துவிட்டு, "கொஞ்சம் பொறுத்துக்கோடி சாரா. வந்துடுவேன்" என்றார். நான் பொறுக்கவில்லை. அவர் செத்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு. பயந்தவளுக்குப் புத்தி எங்கே இருக்கும்?

உபதேசியார் வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டி, நெத்திலிக் கருவாட்டைக் கருகக் கருக வறுத்தேன். துவரம்பருப்பு, எள், மிளகாய், பூண்டு, பெருங்காயம் எல்லாவற்றோடும் இடித்துச் சலித்துப் பருப்புப்பொடி என்று பாட்டிலில் போட்டு வைத்தேன். சளியில் அக்காவின் மூக்கு அடைத்திருந்தது. முதல் நாள் ஒரு சிட்டிகை, பிறகு அரைக் கரண்டி, பிறகு ஒரு கரண்டி. நெய் விட்டுப் பிசைந்து ருசித்துத் தின்றார். "இன்னாடி இது, இந்தத் தடவை பொடி இப்பிடி ருசியா கீது?" என்றார். அன்றிலிருந்து ஜெபத்தில் அதற்கும் இடம் கிடைத்தது. "பருப்புப்பொடிக்காக ஸ்தோத்திரம்" என்பார். நான் எதிரில் உட்கார்ந்துகொண்டு ஆமென் சொன்னேன்.

ஐந்து வாரத்தில் இரண்டு பவுண்டு ஏறியது. எடை மேடையில் நின்று கைதட்டினார். அன்றைக்கு ராத்திரி படுக்கையில் நானும் முழங்கால்போட்டு நன்றி சொன்னேன். கர்த்தரையும் என் திருட்டில் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன், சண்டாளி.

நம் தெலுங்குப் பண்டிதர் காளஹஸ்திச் சைவக் குடும்பம். கிறிஸ்தவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதவர். உலர்ந்த பண்டமாக இருந்தால் மட்டும் எஸ்தர் அக்கா கையால் வாங்கிக்கொள்வார். மீன் வாடைக்கு ஊரைவிட்டே ஓடுகிற அம்மா என்று அவருக்கு அக்காமேல் தனி மரியாதை. அக்காவுக்கு அதில் ரொம்பப் பெருமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உடம்பு விசாரிக்க வந்தவர், பிரசவித்த தன் மனைவிக்கு வாய் ருசியே இல்லை என்று வருத்தப்பட்டார். நான் உள்ளே எங்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்க்கிறேன், பண்டிதர் கையில் காகிதப் பொட்டலம். அக்கா பாட்டிலை மூடிக்கொண்டிருக்கிறார். "சுடுசோத்துல நெய் விட்டுக் குடுங்க பண்டிதரே. நாக்கு தானா எழுந்துக்கும்" என்கிறார்.

பொய் ஏதாவது சொல்லியிருக்கலாம். கெட்டுப்போன பொடி என்றிருக்கலாம். "பண்டிதரே, அது வேணாம். அதுல கருவாடு கீது" என்றேன்.

பண்டிதர் பொட்டலத்தை மெதுவாகப் படியில் வைத்தார். "பரவாலேதம்மா, பரவாலேது" என்றார். தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டார். ஒருமுறை கழுவி, மறுபடியும் கழுவினார். அப்புறம் அக்காவைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதன்பின் அவர் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது?

அக்கா கத்துவார் என்று நின்றேன். அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன். "எத்தினி நாளா?" என்று கேட்டார். சொன்னேன். "நான் பேர் சொல்லி ஜெபம் பண்ணேனே. நீ ஆமென்னு சொன்னியேடி" என்றார். பிறகு, "சொல்லிட்டுக் குடுத்திருந்தா துன்னிருப்பேன். துன்னத்தானே பாத்துக்கினு இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். என்னோடு ஒரு நாளும் பேசாமல் இருந்ததில்லை. அந்தக் காரியத்தைப் பற்றி மட்டும் பிறகு பேசவேயில்லை.

ஆனால் சாப்பாடு போய்விட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, அவரால் முடியவில்லை. கஞ்சியை மோந்து பார்ப்பார். ரசத்தைக் கிளறிப் பார்ப்பார். நான் முதல் வாய் தின்று காட்டினால் வெட்கப்பட்டுக்கொண்டு, "இல்லடி, பசியில்லை" என்பார். கடைசியில் ஓடு இருப்பது, தோல் இருப்பது மட்டும் மிஞ்சியது. அவித்த முட்டை, வேர்க்கடலை, வாழைப்பழம். அதையும் தானே உரித்தால்தான். ஏறிய இரண்டு பவுண்டும் இறங்கி, அதற்குமேலும் இறங்கியது. பங்குனியில் தம்பி வந்து திருப்பதிக்குக் கூட்டிப்போனார்.

கார்டு வந்த அன்று டாக்டரம்மாவிடம் போய், அந்தப் பொடியை விடாமல் தின்றிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "இல்லம்மா. அப்பவே நெஞ்சு ரெண்டு பக்கமும் போயிடுச்சு. மீனால ஆகறது ஒண்ணும் இல்லை. மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஒன்றுக்கும் ஆகாத காரியத்துக்காக அவருடைய கடைசிச் சோற்றைக் கெடுத்தேன் என்றுதான் என் காதில் விழுந்தது.

அக்காவின் ஆர்மோனியம் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும். கத்தரிக்கோலை ஆறாம் வகுப்பு டீச்சர் கேட்டிருக்கிறார். எனக்கென்று என்ன இருக்கிறது என்று கேட்டால், போன மாதம் திருப்பதியில் பார்த்தது இருக்கிறது. ஸ்டேஷனில் இறங்கி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா எலும்பாய்க் கிடந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "ரயில்ல ஒண்ணும் துன்னிருக்கமாட்டே" என்று எழுந்து உட்கார்ந்தார். ஒரு பழத்தைத் தானே உரித்தார். பாதியாகக் கிள்ளி எனக்குக் கொடுத்தார். மறுபாதியைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி பெண்ணைப் பற்றி, புது ஆயரைப் பற்றி, பிள்ளைகள் என்ன பாட்டுப் பாடுகிறார்கள் என்பதைப் பற்றி என்னென்னவோ கேட்டார். கண் மட்டும் என் வாய்மேல் இருந்தது. அது அவருக்கே தெரியாது. நான் மென்று விழுங்கினேன். விழுங்கி முடித்த பிறகுதான் அவர் தன் பாதியை வாயில் வைத்தார்.