பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்

சர்வர் அறையைப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்து, நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து இன்னொரு தடவை இழுக்கிறார். கண் மருத்துவமனையின் கணினிகள் அவர் பொறுப்பு. அங்கே அவர் காதுபடாமல் எல்லோரும் ‘பூட்டக்கா’ என்பார்கள். அது அவருக்கும் தெரியும். யார் வைத்த பெயர் என்பதுதான் பிடிபடவில்லை. மூன்று பேர்மேல் ஒரு கண் வைத்திருக்கிறார்.

பால் பாக்கெட்டில் தேதியைப் பார்ப்பார். பிறகு கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார். “சரியாயிடுச்சு” என்று யாராவது சொன்னால், “யார் பாத்தா?” என்பார்.

நோயாளிகளின் குறிப்புகள் இருக்கும் கணினிக்கு ஒரு காவல் மென்பொருள் உண்டு. யார் யார் உள்ளே வரப் பார்த்தார்கள் என்ற பதிவேட்டை ஓயாமல் படிக்கும். ஐந்து தடவை தப்பான கடவுச்சொல் போட்டவனுக்குக் கதவைச் சாத்திவிடும். காலையில் பார்த்தால் அப்படி நாற்பது, ஐம்பது பேர் பட்டியலில் இருப்பார்கள். புதிய பதிப்புக்கு மாற்றி மூன்று நாள். ஒருவர்கூட இல்லை. திரையெல்லாம் பச்சை.

“நல்லதுதானேக்கா? திருட்டுப் பசங்க திருந்திட்டாங்கபோல.” மேலாளர் படிவத்தை நீட்டினார். அதில் பூட்டக்காவின் கையெழுத்து விழுந்தால் பழைய பதிப்பை அழித்துவிடுவார்கள்.

“மொத்தப் பேரும் ஒரே நாள்லயா சார் திருந்துவாங்க?”

புதிய பதிப்போடு வந்த மாற்றக் குறிப்புகளை அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்தார். ஏழாம் பக்கத்தில் ஒரே வரி: புதிய பதிப்பு, சொல்லாவிட்டால், பழைய பதிவேட்டைப் பார்க்காது, வேறொன்றைத்தான் பார்க்கும். மருத்துவமனைக் கணினியோ இன்னும் பழையதில்தான் எழுதிக்கொண்டிருந்தது. அந்த வரியையும் அவர் நம்பிவிடவில்லை. வீட்டுக்குப் போன் போட்டார்.

“ஏங்க, எங்க ஆஸ்பத்திரிப் பக்கத்தத் திறந்து தப்புத் தப்பா பாஸ்வேர்டு போடுங்க.”

“வெங்காயம் உரிச்சிட்டிருந்தவனத் திருடனாக்கிட்டியேம்மா,” என்றார் கணவர். ஆறு, ஏழு, எட்டு. “இன்னும் போடு போடுங்குது. என்ன மரியாதை!”

மேலாளரின் சிரிப்பு இறங்கியது. “அப்போ மூணு நாளா…?”

பூட்டக்கா பழைய பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஒருவன் அறுநூறு தடவை தட்டியிருந்தான். உள்ளே வரவில்லை, அவன் கெட்ட நேரம், அவ்வளவுதான்.

காவல் மென்பொருளுக்கு அந்தப் பதிவேட்டின் இடத்தைக் காட்டி ஒரு வரி எழுதினார். மறுபடி ஓடவிட்டார். “இப்பப் போடுங்க.”

ஐந்தாவது தடவையோடு, “பக்கமே வரலம்மா,” என்றார் கணவர். பட்டியலில் ஒரே ஒரு முகவரி: அவர்கள் வீட்டு இணைப்பு.

மேலாளர் பேனாவைத் திறந்து கொடுத்தார்.

“லிஸ்ட்லேர்ந்து என்ன எடுத்துடும்மா, மானம் போகுது,” என்றார் கணவர் போனில்.

பூட்டக்காவின் விரல், நீக்கும் பொத்தான்வரை போனது. அங்கேயே நின்றது.

“எங்க, இன்னொரு தடவ தட்டிப் பாருங்க.”