மாதிரி அறை

மெல்பேர்ண் நகரத்தின் பெரிய மண்டபங்கள் எல்லாம் என் சித்தப்பாவுக்குப் பின்வாசல் வழியாகத்தான் பழக்கம். கலியாணக் கண்காட்சி, கார்க் கண்காட்சி, நாய் பூனைக் கண்காட்சி என்று எது நடந்தாலும் முதல் நாளே போய்க் கம்பளம் விரித்து, தடுப்புத் தட்டிகளைப் பூட்டி, கதிரைகளை வரிசையாகப் போடுவது அவருடைய வேலை. எல்லாம் முடிந்த பிறகு மறுபடி போய்க் கழற்றிக்கொண்டு வருவார். நடுவில் உள்ளே என்ன நடக்கிறது என்பதை மட்டும் அவர் ஒருநாளும் கண்டதில்லை. அவர் அப்பாவின் கடைசித் தம்பி. கலியாணமாகாதவர். கிரான்பர்னில் எங்கள் வாடகை வீட்டுக் கராஜுக்குள் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வார்.

அந்த வருடம் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு. எனக்கு ஒன்பது வயது. ஒரு வெள்ளிக்கிழமை சித்தப்பா வேலையால் வந்து, கை கால் கழுவாமலே குசினிக்குள் நின்று சொன்னார்.

"எல்லா யூனிவர்சிற்றியும் ஒரே இடத்துக்கு வருதாம் பிள்ளை. நாளைக்குப் போவம். இந்தமுறை முன்வாசலாலை போவம்."

அக்காவுக்கு மருந்தாளராக வேண்டும் என்று ஆசை. அம்மாவின் மருந்துப் பெட்டிகளில் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் வாசித்து, எதைச் சாப்பாட்டுக்கு முன் விழுங்க வேண்டும், எதோடு எது சேரக்கூடாது என்று விளங்கப்படுத்துவது அவள்தான். பள்ளிக்கூடத்திலும் அவள்தான் முதலாவது. அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுநாள் சித்தப்பா, அப்பாவின் சேர்ட்டை இரவல் வாங்கி, சுருக்கம் போக மினுக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். ரெயினில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். இறங்கி ஆற்றைக் கடந்து மண்டபத்துக்கு நடந்தோம். கண்ணாடி வாசல் தானாகத் திறந்தபோது சித்தப்பா ஒரு கணம் நின்று, யாராவது தடுக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் தடுக்கவில்லை.

உள்ளே ஒரு திருவிழா. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கடை. போகிற பக்கமெல்லாம் கையில் எதையாவது திணித்தார்கள். எனக்குப் பையும் பேனையும், கண்ணில்லாத ஒரு பஞ்சுக் கோலாக் கரடிப் பொம்மையும் கிடைத்தன. இப்படி இலவசமாகக் கொடுக்கிறவர்கள் படிப்பையும் இலவசமாகக் கொடுப்பார்கள் என்று நான் நினைத்ததில் என் வயதுக்குத் தப்பில்லை. சித்தப்பா மற்றவர்களைப் போலக் கடைகளைப் பார்க்காமல், தட்டிகளின் மூலைகளையும் கம்பளத்தின் ஓரங்களையும் பார்த்துக்கொண்டு வந்தார்.

அக்கா தேடி வந்த கடையில் பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த மஞ்சள் பெனியன் போட்ட ஒரு பெண் நின்றாள். நல்ல சிரிப்பு. அக்காவின் பெயர், பள்ளிக்கூடம், எதிர்பார்க்கும் மதிப்பெண் எல்லாவற்றையும் கேட்டு, மதிப்பெண்ணைக் கேட்டதும் கண்ணை விரித்தாள். பின்னேரம் மருந்தாளர் படிப்பு விரிவுரையாளரோடு கதைக்க ஒரு சின்னக் குழுவைக் கூட்டிப் போகிறோம், உன் பெயரைப் பதியட்டுமா என்றாள். கையிலிருந்த திரையைத் தட்டிக்கொண்டே, குடியுரிமையா, நிரந்தர வதிவிடமா என்று கேட்டாள்.

அக்கா கொஞ்சம் பொறுத்து, நிரந்தரம் என்றாள்.

எனக்கு அது பிழை என்று தெரியும். நாங்கள் அகதிகளாக வள்ளத்தில் வந்தவர்கள். எங்களிடம் இருந்தது, வழக்குக்கு முடிவு வரும்வரை தங்கியிருக்கத் தரும் பிரிட்ஜிங் வீசா. பிரிட்ஜ் என்றால் பாலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். பாலம் உள்ள வீசா பாலமில்லாத வீசாவை விடத் திறமானதாகத்தான் இருக்கும் என்பது என் முடிவு. அக்கா மறந்துபோய்க் குறைவான ஒன்றைச் சொல்லிவிட்டாளே என்று, நல்ல ஆங்கிலத்தில், நாலு பேருக்குக் கேட்கத் திருத்தினேன்.

மஞ்சள் பெனியன் பெண்ணின் சிரிப்பு உடனே போகவில்லை. மெல்ல மெல்லத்தான் போனது. திரையில் எழுதியதை அழித்துவிட்டு, எங்களை மண்டபத்தின் மறுகோடியில் இருந்த வேறொரு மேசைக்குக் கூட்டிப் போனாள். அது வெளிநாட்டு மாணவர்களுக்கான மேசை. அங்கிருந்த, கழுத்தில் ரை கட்டிய மனிதர் நல்லவர். எழுந்து நின்று அக்காவுக்குக் கதிரை கொடுத்தார். குரலைத் தணித்து நெடுநேரம் சொன்னார். மன்னிப்புக் கேட்பதுபோல் இடையிடையே "சொறி" என்றார். சித்தப்பாவுக்கு அந்த ஆங்கிலம் பிடிபடவில்லை. ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினார்.

"என்னவாம்?" என்று கடைசியில் கேட்டார்.

"ஏலாதாம், சித்தப்பா."

"என்ன ஏலாது? உன்ர மாக்ஸைச் சொன்னனீயோ?"

"மாக்ஸ் பிரச்சினை இல்லையாம். நாங்கள்தான் பிரச்சினையாம். வெளிநாட்டுப் பிள்ளையள் மாதிரி முழுக் காசும் கட்டினால் படிக்கலாமாம். உதவித்தொகை எங்கட வீசாவுக்கு இல்லையாம்."

சித்தப்பா பக்கத்திலிருந்த தட்டியின் கம்பத்தில் கையை வைத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த மனிதரிடம், "திஸ் வன், ஐ மேக்" என்றார். தன் கையால் கட்டிய இடத்தில் தன் பிள்ளைக்கு இடமில்லையா என்று கேட்டிருப்பார். அந்த மனிதர் தட்டியைப் பார்த்துவிட்டு, மிக அழகாக இருக்கிறது, நன்றி என்றார்.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவிடாமல் செய்ததும் நான்தான். வாசலில் ஒரு பெடியன், மாணவர் அடுக்குமாடியைச் சுற்றிக்காட்டக் கூட்டிப் போகிறோம், வாருங்கள் என்று கூவிக்கொண்டு நின்றான். இருபத்திரண்டாம் மாடி, லிஃப்டில் காது அடைக்கும் என்றான். நான் சித்தப்பாவின் கையில் தொங்கினேன்.

"வந்தது வந்திட்டம், பாத்திட்டுப் போவம்," என்றார் சித்தப்பா. "சின்னவளும் ஆசைப்படுறாள்."

அக்காவும் கூடவே வந்தாள்.

அந்த அறை எனக்கு இன்றும் அப்படியே ஞாபகம். ஒற்றைக் கட்டில், அதன் கால்மாட்டில் குசினி, குசினிக்குப் பக்கத்தில் மேசை. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். மேசையில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. ஒன்றை இழுத்துப் பார்த்தேன். உள்ளே தாள் இல்லாத வெறும் மட்டை. கட்டிலிலும் யாரும் படுத்ததில்லை. இது மாதிரி அறை, இதே போலத்தான் எல்லா அறையும் இருக்கும் என்று பெடியன் விளக்கினான். தாய் தகப்பனோடு வந்த மற்றப் பிள்ளைகள் அலுமாரியைத் திறந்து பார்த்தார்கள். சாமான் வைக்க இது காணாது என்று ஒரு தாய் முகத்தைச் சுளித்தாள்.

அவர்கள் வெளியேறிய பிறகும் அக்கா மேசைக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்திருந்தாள். நான் கூப்பிட்டேன். அவள் எழுந்தாள். ஆனால் வாசலுக்கு வரவில்லை. யன்னலடிக்குப் போய்ப் பிடியைத் திருப்பினாள். யன்னல் நாலு விரல் அகலம் திறந்து, அதோடு நின்றுவிட்டது. மறுபடி தள்ளினாள். பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

பாதுகாப்புக்காக அப்படி, எல்லா மாடியிலும் அவ்வளவுதான் திறக்கும் என்றான் பெடியன். காற்று வேண்டுமென்றால் மொட்டை மாடியில் தோட்டம் இருக்கிறது, அடுத்து அங்கேதான் போகிறோம் என்றான்.

"ஓம், அங்கை போவம்," என்றாள் அக்கா. வெளிநாட்டு மேசையை விட்டு வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். மிக அமைதியாகச் சொன்னாள்.

சித்தப்பா அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"வேண்டாம். வீட்டை போவம்."

மொட்டை மாடியில் தோட்டம் என்றால் நான் விடுவேனா? கத்தினேன். நான் கேட்டு அதுவரை எதையும் இல்லையென்று சொல்லாத மனிதர், அன்றைக்குத் திரும்பியும் பார்க்கவில்லை. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு லிஃப்டுக்குள் நுழைந்தார்.

"விடுங்கோ சித்தப்பா, நோகுது."

"நோகட்டும்."

ஆற்றுப் பாலத்தில் தண்ணீர்ப் பக்கமாகத் தான் நடந்து, அவளை உள்பக்கமாக நடத்தினார். ரெயின் நிலையத்தில் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி, அவளுக்கு நேரெதிரே நின்றார். ரெயின் வந்து நின்று, கதவு திறந்த பிறகுதான் நகர்ந்தார். ரெயினுக்குள்ளும் பிடியைத் தளர்த்தவில்லை. பதினேழு வயதுப் பெட்டையின் கையை யாராவது இப்படிப் பிடிப்பார்களா? ஒன்பது வயதுக்காரி நான் பையும் பொம்மையுமாகத் தனியே தடுமாறி நடந்தேன். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் முதல் வேலையாக அதைத்தான் முறையிட்டேன்.

"சித்தப்பா அக்காவின்ர கையை மட்டும்தான் பிடிச்சவர். என்னைப் பாக்கவே இல்லை."

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். 

அக்கா இருக்கிறாள். அதை முதலே சொல்லியிருக்க வேண்டும். அந்த வருடச் சோதனையை எழுதினாள். எதிர்பார்த்ததை விடக் கூடவே எடுத்தாள். பிறகு டண்டினோங்கில் கீரை, இலைக்கறி பொதி செய்யும் தொழிற்சாலைக்குப் போனாள். ஏழு வருடம் கழித்து எங்களுக்கு நிரந்தர வீசா வந்தபோது, இனிப் படியேன் என்று எல்லோரும் சொன்னார்கள். "சின்னவள் படிக்கட்டும்," என்றாள். நான் படிக்கிறேன். வள்ளத்தில் வந்தவர்களை முதலில் அடைத்து வைத்த தீவு முகாமில் சித்தப்பாவோடு ஒரே அறையில் இருந்த ஒருவர், ஒருநாள் காலை மிக அமைதியாகக் கதைத்துவிட்டு வெளியே போனவர் உயிரோடு திரும்பவில்லை என்பதும் இந்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது. அம்மா சொன்னார். சித்தப்பா அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

கண்காட்சிக்கு மறுநாள் தட்டிகளைக் கழற்றச் சித்தப்பா போகவில்லை. காலையில் கராஜிலிருந்து கரம் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, அக்காவின் அறைக்கு நேரே நிலத்தில் போட்டு, "வா சின்னவள், விளையாடுவம்," என்றார். முதல் நாள் கோபத்தைத் தீர்க்கத்தான் வேலைக்கு லீவு போட்டிருக்கிறார் என்று எனக்குப் பெருமை. அக்காவின் அறைக் கதவு திறந்து கிடந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சித்தப்பா அந்தப் பக்கம் பார்த்தபடி சப்பாணி கட்டி உட்கார்ந்தார். பின்னேரம் வரைக்கும் விளையாடினோம். சாப்பாடும் அங்கேயே வந்தது. மூலைக்கு நேரே இருந்த காய்களைக்கூட அவர் தவறவிட்டார். சிவப்புக் காய் ஒவ்வொரு முறையும் எனக்கே விழுந்தது.

எல்லா ஆட்டத்திலும் நான்தான் வென்றேன். நன்றாக விளையாடப் பழகிவிட்டேன் என்று நினைத்தேன்.