பிச்சுமணியின் ஐந்தரை பவுண்டு மீன்

பிச்சுமணி மீனைத் தின்றதும் இல்லை, தொட்டதும் இல்லை. மேற்கு மாம்பலத்தில் அவர் வளர்ந்த வீட்டில், மீன்காரியின் குரல் தெருமுனையில் கேட்டாலே ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அப்படிப்பட்டவர் நாற்பத்து மூன்றாவது வயதில், டெக்சஸ் மாநிலத்து ரிச்சர்ட்சனில், பாஸ் என்கிற ஏரி மீனைப் பிடிக்கிறேன் என்று தூண்டிலும் கையுமாக அலைந்தார் என்றால் அதற்கு அவருடைய ஆபீஸ்தான் காரணம்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிற கம்பெனி. திங்கட்கிழமை காலை காபி மெஷின் பக்கம் கூடுகிறவர்களுக்கு இரண்டே பேச்சு: ஒன்று ஃபுட்பால், இன்னொன்று பாஸ் மீன். ஃபுட்பாலில் ஏன் ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள் என்பது பிச்சுமணிக்கு ஐந்து வருஷமாகியும் விளங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு காபி குடித்துக் குடித்து அலுத்துப்போய், மீன் பக்கம் சாய்ந்தார்.

சாய்ந்தவர் முழுசாகவே விழுந்தார். இரண்டு பத்திரிகைகளுக்குச் சந்தா. தண்ணீரின் சூடு, கலங்கல், காற்றடிக்கும் திசை எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் கலர் கலராக ஓர் அட்டவணை. மீனை ஏமாற்றுவதற்கென்று விற்கிற பொய் இரைக்கு அங்கே லூர் என்று பெயர். அதில் மட்டும் நாற்பத்திரண்டு தினுசு வாங்கி வைத்திருந்தார். இந்த சீசனுக்கு என்ன புதுசு என்று கடைக்காரனுக்குத் தெரிவதற்கு முன்னால் இவருக்குத் தெரியும்.

மனைவி ஜலஜாவிடம் அனுமதி வாங்கியதுதான் பெரும்பாடு.

"புழு பிளாஸ்டிக். மீனைப் பிடிச்ச கையோட தண்ணீலயே விட்டுடப் போறேன். இதுல அசைவம் எங்கேடி இருக்கு?"

"பிடிக்கறச்சே அதுக்கு வலிக்காதா?"

"பிடிச்சாத்தானேடி வலிக்கும்!"

இதை அவர் வேடிக்கைக்காகத்தான் சொன்னார். மூன்று வசந்த காலம் அப்படியே பலித்துத் தொலைத்தது. ஒரு மீன்கூட மாட்டவில்லை.

ஏன் மாட்டவில்லை என்பது ஏரிக்கரையில் நின்ற வாத்துக்குக்கூடத் தெரிந்திருக்கும். மனுஷர் எந்த லூரையும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் தண்ணீரில் விட்டுவைக்கமாட்டார். புழுவின் நடுவில் தூண்டில் முள்ளைக் குத்தி இரண்டு முனையும் துள்ளவிடுகிற முறையைப் போட்டுப் பார்ப்பார். அதற்குள் ஈயக்குண்டு தரையில் உருள, புழு இரண்டடி பின்னால் மிதந்து வருகிற முறை ஞாபகம் வந்துவிடும். உடனே அவிழ்த்து அதைக் கட்டுவார். பாவம், மீன் ஒரு முடிவுக்கு வருவதற்குள் சாப்பாடு மாறிவிடும்.

அந்த வருஷத்துப் புதுசு, பூண்டு வாசனை ஏற்றிய புழு. ஜலஜா இரண்டு நாள் சமையலறை முழுக்க மோந்து பார்த்து, சாம்பார் பொடியைச் சந்தேகப்பட்டு, கடைசியில் அப்பள டப்பாவுக்குப் பின்னால் ஊதா நிறப் புழுப் பொட்டலத்தைக் கண்டுபிடித்தாள்.

"ஏன்னா, நம்மாத்துல நமக்கே பூண்டு கிடையாது. மீனுக்குக் கேக்கறதா?"

"பூண்டு வாசனைக்கு ரெண்டு செகண்ட் கூடுதலா வாயில வெச்சுக்குமாம். ஆர்ட்டிகிள்ல போட்டிருக்கான்."

புழுக்கள் அன்றைக்கே கராஜுக்குக் குடிபோயின.

வேடிக்கை என்னவென்றால், இவர் சொன்னபடி செய்த மற்றவர்களுக்கெல்லாம் மீன் கிடைத்தது. பக்கத்து கியூபிகிளில் கோபிச்செட்டிபாளையத்துக் கிட்டுசாமி. "ஏனுங்க பிச்சுமணி, நீங்க சொன்ன அந்தப் பூண்டுப் புழுவைத்தானுங்க போட்டேன். மூணு மாட்டுச்சுங்க. குழம்பு வெச்சா என்ன ருசிங்கறீங்க!" என்று ஆபீஸ் நடுவில் நின்று புகழ்ந்தார். ஆங்கிலத்திலும் அதையே சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த மேனேஜர் டேல், "இதுவரைக்கும் நீ பிடிச்சதில் பெரியது எத்தனை பவுண்டு?" என்று ஆர்வமாகக் கேட்டார்.

பூஜ்யம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு ஐந்து பவுண்டு என்றது. அடுத்த மாதம் வேறொருவர் கேட்டபோது ஐந்தரை ஆனது. ஏரியில் இருக்கிற மீன்கூட அவ்வளவு வேகமாக வளராது.

1998 ஏப்ரலில் வினை வந்தது. கம்பெனியின் வருஷாந்திர மீன்பிடிப் போட்டி. மூன்று வருஷமாக சேல்ஸ்காரர்களே கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். டேல் தன் படகுக்கு ஜோடியாகப் பிச்சுமணியின் பெயரை எழுதிப்போட்டார். ஐந்தரை பவுண்டு பிடித்த ஆளை விட்டுவிட்டு வேறு யாரைப் போடுவார்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிச்சுமணிக்குத் தயிர்சாதம் இறங்கவில்லை. எல்லாவற்றையும் ஜலஜாவிடம் கக்கிவிட்டார்.

"நாளைக்கு ஒண்ணாவது மாட்டணும்டி. இல்லேன்னா நான் புளுகினது தெரிஞ்சுடும். எந்த மூஞ்சியை வெச்சுண்டு ஆபீஸ் போறது?"

ஜலஜாவுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அலமாரியைக் குடைந்து, டான்ஸ் கிளாஸை நிறுத்திவிட்ட மகள் ரக்ஷாவின் சடைக் குஞ்சலத்தை எடுத்து மேஜையில் போட்டாள். "எல்லாத்தையும் கட்டிப் பாத்தாச்சு. இதுதான் பாக்கி. இதையும் கட்டிப் போடுங்கோ!"

"அப்பா, ப்ளீஸ், டோன்ட்," என்றாள் ரக்ஷா.

ஜலஜா குத்தலாகத்தான் சொன்னாள். பிச்சுமணியோ குஞ்சலத்தைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். தலையில் குமிழ், கீழே விரிகிற சிவப்புப் பட்டு நூல். பத்திரிகையில் நாலு டாலருக்கு விளம்பரம் செய்கிற லூர் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். மூன்று குஞ்சத்தில் ஒன்றைக் கத்தரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை, ரே ஹப்பர்ட் ஏரி. டேல் படகின் முன்பக்கம், பிச்சுமணி பின்பக்கம். மத்தியானத்துக்குள் டேல் இரண்டு மீனைப் பிடித்துப் படகிலிருந்த தண்ணீர்த் தொட்டியில் விட்டுவிட்டார். பிச்சுமணியின் நாற்பத்திரண்டு லூரும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பின. "பெரிய மீனுக்காகக் காத்திருக்கிறாய், இல்லையா?" என்றார் டேல். அவர் குரலில் சந்தேகமே இல்லை, மரியாதைதான் இருந்தது.

போட்டி முடிய அரை மணி நேரம். முள்ளில் குஞ்சலத்தைக் கட்டி வீசினார். அவிழ்த்து மாற்ற இனி எதுவுமில்லை. அதனால் முதல்தடவையாகச் சும்மா இருந்தார். ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷமும் போயிற்று.

வெடுக்கென்று ஓர் இழுப்பு.

தூண்டில் வளைந்தது. பிச்சுமணி, "ஐயையோ! ஐயையோ!" என்று கத்திக்கொண்டே ரீலைச் சுற்றினார். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது மீன். பச்சை முதுகு, பிளந்த வாய், வாயோரம் சிவப்புக் குஞ்சலம். "உதட்டைப் பிடி! கட்டைவிரலை வாய்க்குள் விடு!" என்று டேல் கத்தினார். பிச்சுமணி கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை விட்டார். கண்ணைத் திறந்தபோது மீன் அவர் கையில் இருந்தது.

அருவருப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் அவருக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. படகு ஆட எழுந்து நின்று, ஏரி முழுக்கக் கேட்கும்படி கூவினார்:

"ஃபர்ஸ்ட் ஃபிஷ்! மை ஃபர்ஸ்ட் ஃபிஷ், டேல்!"

கூவிய பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. டேல் மீனை அள்ள எடுத்த வலையைக் கீழே வைத்தார்.

"அப்படியானால் அந்த ஐந்தரை பவுண்டு?"

பிச்சுமணி கையிலிருந்த மீனைப் பார்த்தார். "அதை இன்னும் பிடிக்கவில்லை," என்றார் ஆங்கிலத்தில், மெல்ல.

டேல் அளவுகோலை எடுத்து மீனின் பக்கத்தில் வைத்தார். பதின்மூன்றரை அங்குலம். போட்டிக்குப் பதினான்கு வேண்டும். கணக்கில் சேராது, விட்டுவிட வேண்டியதுதான். கோப்பை இந்த வருஷமும் சேல்ஸுக்குத்தான். டேலின் தோள்கள் குலுங்கின. கோபம் என்று பிச்சுமணி பயந்தார். டேலோ கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நாங்கள் எல்லோருமே அந்த இல்லாத மீனைத்தான் பிடித்திருக்கிறோம்," என்று சொல்லிவிட்டு, டேல் கேமராவை எடுத்தார். "கையை நீட்டி மீனைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டு வா. போட்டோவில் ஐந்தரை பவுண்டு மாதிரியே தெரியும். நான் யாரிடமும் சொல்லமாட்டேன்."

பிச்சுமணி கையை நீட்டினார். ஒரு விநாடி யோசித்தார். பிறகு கையை மடக்கி, மீனைத் தம் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சட்டை நனைந்தது.

"இப்படியே எடு," என்றார். "பதின்மூன்றரை அங்குலம். அதற்கு மேல் ஒரு நூல்கூட வேண்டாம்."