பென்னாகரம் பஸ்ஸில் ஜப்பானிய எழுத்து

இன்று பென்னாகரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் செல்போனில் ஜப்பானிய எழுத்துகள் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் மாட்டிக்கொண்டு முழித்தாள்.

"அது பட்டும்மா," என்றேன்.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

எண்பத்தாறில் நான் பட்டு நூற்பாலை மெக்கானிக். ஜப்பான் மிஷினோடு வந்த புத்தகத்தில் ஒரு எழுத்தும் புரியவில்லை. அகராதி ஒன்றை வரவழைத்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கம் எழுத்துகளை எழுதிவைத்தேன். மறந்ததை மறுநாளே பார்ப்பேன். நினைவிருந்ததை வாரம் கழித்து, அப்புறம் மாதம் கழித்து. கடைசியில் மிஷினை நானே பிரித்து மாட்டினேன்.

"என் ஆப்பும் இதையேதாங்க பண்ணுது!" என்று, கூரை போட்ட மாதிரி இருந்த இன்னொரு எழுத்தைக் காட்டினாள். எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"பரவால்லீங்க, நாளைக்கு மறுபடி வரும்," என்று சொல்லிவிட்டு இண்டூரில் இறங்கிப் போனாள்.

நாளைக்கும் அதே பஸ்தான். தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் விடை சொல்லிவிடாதீர்கள்.