ஆறாவது பாடம்

அந்தப் படிவத்தில் ஆறு பாடங்களுக்கும் நேரே சரி போட்டிருந்தது. போட்டவர் தகப்பன். அடுத்த வருடம் பள்ளி இறுதியாண்டுக்குப் போகவிருந்த மகள் பக்கத்தில் இருந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் பாடத்தெரிவுக்குப் பொறுப்பான ஆசிரியை. எனக்கு ஆக்லாந்தில் அந்தப் பள்ளி அலுவலகத்தில் வேலை. தமிழ்ப் பெற்றோர் வந்தால் மொழிபெயர்ப்பதும் என் தலையில்தான்.

ஒரே விளக்கத்தை நாளுக்குப் பத்துத் தடவை சொல்லிச் சொல்லி அந்த ஆசிரியையின் குரல் தேய்ந்திருந்தது. அன்றும் சொன்னார்: பல்கலைக்கழகம் புக மூன்று பாடங்களில் தேறினால் போதும், பெரும்பாலானோர் ஐந்து எடுக்கிறார்கள், மருத்துவம் என்றாலும் உண்மையான போட்டி பல்கலைக்கழகத்தின் முதல் வருடத்தில்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "இவள் ஏற்கெனவே களைத்துவிட்டாள். ஆறு எடுத்தால் உடைந்துபோவாள். இதை அப்படியே சொல்லுங்கள்" என்றார்.

தகப்பன் த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர். வேலை உடுப்போடுதான் வந்திருந்தார். அந்த முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆறு கொஞ்சம் கஷ்டமா இருக்குமாம், அண்ணை" என்றேன்.

"கஷ்டப்படாமல் என்னத்தைப் படிக்கிறது? அவள் செய்வாள் எண்டு சொல்லுங்கோ, தங்கச்சி."

மகளுக்கு இரண்டு மொழியும் விளங்கும். நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தாள். தகப்பன் சொன்னதை ஆசிரியைக்குச் சொன்னேன். ஆசிரியை பெருமூச்சோடு கையெழுத்திட்டார்.

அடுத்த வருடம், இங்கே குளிர்காலமான ஆகஸ்டில், பள்ளியில் நோயுற்ற பிள்ளைகளுக்கான சின்ன அறையில் அவள் சுவரைப் பார்த்தபடி படுக்கத் தொடங்கினாள். காய்ச்சல் இல்லை. "ஜஸ்ட் டயர்ட், ஆன்ட்டி" என்பாள். பரீட்சைக்கு வரவேயில்லை. மறுவருடம் திரும்பி வந்து நான்கு பாடம் எடுத்துத் தேறினாள், பல்கலைக்கழகமும் போனாள். ஒரு வருடம்தானே என்றார்கள் எல்லோரும். அந்த ஒரு வருடம் அவள் எப்படி இருந்தாள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆசிரியை ஓய்வுபெற்ற அன்று அவரிடம் உண்மையைச் சொன்னேன். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "தெரியும். நான் அவ்வளவு சொன்னதை நீங்கள் ஒரு வரியில் முடித்தீர்கள். ஆனால், கையெழுத்துப் போட்டது நான்" என்றார்.

இப்போது ஒரு சொல்லும் விடாமல் சொல்கிறேன். போன கிழமை பாடத்தெரிவுக்கு வந்த ஒரு தாய் முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்களும் எங்கட ஆள்தானே, இப்பிடிக் கதைக்கலாமோ?" என்றார்.

ஆறாவது பாடத்துக்கும் சரி போட அவர் பேனை கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.