பக்கிரிசாமியின் ஃபோர்வீல் வண்டி

பக்கிரிசாமிக்குச் சோறு போட்டது சந்தேகம்தான். தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் வாசலில் காவலுக்கு நின்றவர் அவர். வெளியே போகிற லோரியை நிறுத்தித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பது, வேலை முடிந்து போகிறவர்களின் பையைத் திறக்கச் சொல்வது, மேனேஜரே ஆனாலும் காரின் பின்கதவைத் தட்டிக் காட்டச் சொல்வது என்று அவருடைய காலம் போனது. ஓய்வு பெற்ற அன்று தொப்பியையும் விசிலையும் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பார்வையை மட்டும் கிள்ளானில் இருந்த வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பாசாரில் மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினால், கேட்காமலே ஏன் காட்டுகிறான் என்று அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார். அவர் மனைவி மாரியாயி இதற்கெல்லாம் வாயைத் திறப்பதை விட்டு வெகுநாளாகிறது.

அவர் சந்தேகப்படாத ஒரே பொருள் அவருடைய ஃபோர்வீல் வண்டி. தேவைப்பட்டால் நான்கு சக்கரத்தையும் இழுக்கிற, உயரமான, பழைய ஜப்பான் வண்டி. தொழிற்சாலையில் பெரிய ஆட்கள் அப்படிப்பட்ட வண்டியில்தான் அவரைத் தாண்டிப் போவார்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் கியர் கம்பியும், அதற்கு ஒட்டினாற்போல் ஒரு குட்டைக் கம்பியும் இருக்கும். குட்டைக் கம்பியைத் தள்ளினால் நான்கு சக்கரமும் வேலை செய்யும். கிள்ளான் ரோட்டில் அதைத் தள்ள வேண்டிய தேவை ஒருநாளும் வந்ததில்லை. இருந்தாலும் அது அங்கே இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அந்த வண்டியைத்தான் மருமகன் முகுந்தன் கேமரன் மலைக்குப் போகக் கேட்டான். அவனும் மகள் ஷாமினியும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடியில் இருந்தார்கள். மகளே வாய்விட்டுக் கேட்டதால் மறுக்க முடியவில்லை. கொடுப்பதற்கு முன்னால் நான்கு டயரையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

வண்டி பளபளவென்று கழுவித் திரும்பி வந்தது. அதுவே அவருக்கு உறுத்தியது. எதை மறைக்கக் கழுவினான்? முன்சக்கரத்துக்கு மேலே உள்மடிப்பில் விரலை விட்டு வழித்தார். காய்ந்த செம்மண் உதிர்ந்தது.

"காட்டுக்குள்ள விட்டீங்களா மாப்ளே?"

"இல்ல மாமா. ஸ்ட்ராபெரி தோட்டத்துல பார்க் பண்ணோம், அங்க மண்ணுத் தரை. ஒரு அங்கிள் வண்டியச் சுத்திச் சுத்திப் பார்த்தாரு லா. இவ்ளோ பழைய வண்டிய இந்தக் கண்டிஷன்ல பார்த்ததே இல்லன்னாரு."

மண்ணுக்கு மேல் இப்போது கண்ணும் சேர்ந்துகொண்டது. எவனோ ஒருவன் வயிறெரிந்து பார்த்திருக்கிறான். கோயில் ஐயர் அவசரத்தில் மந்திரத்தைப் பாதி விழுங்கிவிடுவார் என்று சந்தேகம் இருந்ததால், வெள்ளிக்கிழமை காலையில் பக்கிரிசாமி தானே வண்டிக்குப் பூசை போட்டார். நான்கு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினார். வெளியில் மட்டும் செய்தால் போதுமா, கண் உள்ளேயும்தானே பட்டிருக்கும்? ஸ்டியரிங்குக்கும் இரண்டு கம்பிகளுக்கும் பொட்டு வைத்துச் செவ்வந்திப் பூ செருகி, ஒரு மூலை விடாமல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த வாரம் சுபாங் ஜெயாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது வண்டி திடீரென்று உதறியது. நான்கு சக்கரப் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு கண்ணைச் சிமிட்டியது. தானாக மாறவேண்டிய கியர் மேலே ஏற மறுத்தது. எஞ்சின் கத்துகிற கத்தலுக்கும் வண்டி போகிற வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். மண்டபத்து வளாகத்தில் வளைக்கும்போது, குட்டைக் கம்பியைத் தொடாமலே நான்கு சக்கரமும் பிடித்துக்கொண்டதுபோல டயர் தரையில் தேய்ந்து முனகியது. எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டால் கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடும், பிறகு மறுபடியும் அதே கூத்து.

பக்கிரிசாமி சாப்பிடக்கூட இல்லை. பந்திக்கு வெளியே நின்று மகளுக்குப் போன் போட்டார்.

"உன் வீட்டுக்காரரு காட்டுக்குள்ள போட்டு அடிச்சு கியர்பாக்ஸ ஒடச்சுட்டு, கழுவிக் கொண்டாந்து நிறுத்திட்டாரு."

"அவரு பொய் சொல்றாருன்னு சொல்றீங்களாப்பா?"

"மண்ண நான் கையாலயே எடுத்தேன்."

 "வண்டி ரிப்பேர் பண்ற போர்மன்கிட்ட காட்டுங்க. அவரு மேல தப்பில்லன்னா அத அவரு மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் அங்க வரல," என்று ஷாமினி போனை வைத்துவிட்டாள்.

சொன்னபடியே அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிற பெண். மாரியாயி வழக்கம்போல நண்டுக் குழம்பு வைத்தாள். மத்தியானம் தாண்டியதும் அதை மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு நண்டே வாங்கவில்லை. பக்கிரிசாமிக்கு வீடு பிடிக்காமல் போயிற்று. வாசலில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார். குற்றத்தை மட்டும் நிரூபித்துவிட்டால் மகளுக்குத் தன் பக்கம் புரிந்துவிடும் என்று நம்பினார்.

சுபாங் ஜெயாவில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் எதையும் திறக்காமலே, "கியர்பாக்ஸ் போச்சு அங்கிள், முழுசா மாத்தணும்," என்றார்கள். பார்க்காமல் எப்படித் தெரியும்? வண்டிச் சாமான் கடைக்காரனோடு கூட்டு என்று முடிவு கட்டி வெளியே வந்தார். கிள்ளானில் பழைய ஃபோர்வீல்களையே பார்த்துப் பழகிய ஆ கியோங் என்ற சீனப் போர்மனிடம் போய் நின்றார். முகுந்தனுக்கும் போன் போட்டார்.

"தொறக்கிறப்ப நீங்களும் இருக்கணும் மாப்ளே."

அது விசாரணைக்குக் கூப்பிடுகிற குரல் என்பது முகுந்தனுக்குப் புரிந்திருக்கும். இருந்தும் லீவு போட்டுவிட்டு வந்தான். வரும்போது ஆ கியோங்குக்கும் சேர்த்து மூன்று கப் ஐஸ் மைலோ வாங்கி வந்தான். போர்மனுக்கு எதற்கு மைலோ என்று பக்கிரிசாமி அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

ஆ கியோங் முதலில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். கியர் எண்ணெயைத் தொட்டு மோந்தான். அடியில் படுத்துக்கொண்டு தண்டுகளையெல்லாம் ஆட்டினான். எழுந்து மலாயில் சொன்னான்: "எண்ணெய் சிவப்பா சுத்தமா இருக்கு. கியர்பாக்ஸ் செத்திருந்தா தீஞ்ச வாடை வரும். காட்டுல அடிபட்ட தடமும் இல்ல. எனக்கு வயரிங்லதான் சந்தேகம்."

தடம் இல்லையா? மைலோ வேலை செய்கிறது என்று நினைத்தார் பக்கிரிசாமி.

ஆ கியோங் கணினிப் பெட்டியை மாட்டினான். இரண்டு கம்பிகளுக்கும் கீழே இருக்கிற சுவிட்சுகள் தப்பும் தவறுமாகச் செய்தி அனுப்புவதாக அது காட்டியது. கம்பி எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் வண்டி குழம்பி, பயந்துகொண்டு கீழ் கியரிலேயே நின்றுவிடுகிறது என்றான். திருகாணிகளைக் கழற்றி, கம்பிகளைச் சுற்றியிருந்த மூடியைத் தூக்கினான். பக்கிரிசாமி அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

உள்ளே சுவிட்சின் இணைப்புகள் முழுக்க மஞ்சள் படிந்து பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஓரத்தில் ஒரு செவ்வந்தி இதழ் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆ கியோங் விரலால் சுரண்டினான். "இனி அப்பா, அங்கிள்? காரி கா?" இது என்ன, கறிக்குழம்பா என்று மலாயில் கேட்டான்.

பக்கிரிசாமிக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. பூசை முடிந்ததும் சொம்பில் மீந்த மஞ்சள் தண்ணீரை, வீணாகப் போகவேண்டாம் என்று, அந்தக் கம்பிகளின் தலையில்தான் கவிழ்த்தார். ஆ கியோங்குக்கு இது தெரியப்போவதில்லை. அவன் முகுந்தனைத் திரும்பிப் பார்த்தான். "வண்டிய நீதான் மலைக்குக் கொண்டுபோனியா? எதையாவது கொட்டிட்டியா?"

முகுந்தன் குனிந்து பார்த்தான். அவன் கண் அந்த இதழில் நின்றது. மாமனாரை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆமா பாஸ். டீ கொட்டிட்டேன். என் தப்புதான்," என்று மலாயில் சொன்னான்.

ஆ கியோங் அவனைத் திட்டத் தொடங்கினான். முகுந்தன் தலையாட்டிக்கொண்டே நின்றான்.

இவன் ஏன் இப்படிச் சொல்கிறான்? இதில் இவனுக்கு என்ன லாபம்? பக்கிரிசாமி பழக்கதோஷத்தில் தேடினார். லோரியின் தார்ப்பாயைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அது டீ இல்ல," என்றார் ஆ கியோங்கிடம். "சாமி கும்பிட்ட மஞ்சத் தண்ணி. நான்தான் ஊத்தினேன்."

ஆ கியோங் ஒரு நொடி விழித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சுவிட்சைக் கழற்றிக் கழுவ எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான்.

பக்கிரிசாமி மருமகனின் முகத்தைப் பார்த்தார். "தப்பு என்னோடது மாப்ளே. மனசுல வச்சுக்காதீங்க."

"விடுங்க மாமா. மைலோ குடிங்க, ஐஸ் கரையுது."

அங்கேயே நின்றபடி மகளுக்குப் போன் போட்டார். நடந்ததை மென்று விழுங்கிச் சொல்லி முடித்தார். "மாப்ளே மேல ஒரு தப்பும் இல்லம்மா. அவரு மூஞ்சியப் பார்த்தே சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வா. அம்மாவ நண்டு வாங்கச் சொல்றேன்."

ஷாமினி உடனே குறுக்குக் கேள்வி போட்டாள்.

"அம்மா சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்லம்மா. நானாத்தான் சொல்றேன்."

"நீங்களா? தப்புன்னு சொன்னீங்களா? நம்புற மாதிரி இல்லையேப்பா," என்றாள் ஷாமினி. "அவரு பக்கத்துல இருக்காரா? போன அவருகிட்ட குடுங்க, நான் கேட்டுக்கிறேன்."

 பக்கிரிசாமி தன் பேச்சுக்குச் சாட்சி சொல்லும்படி முகுந்தனிடம் போனை நீட்டினார்.